மாற்றம் பிடிக்காத தம்பிக்கு எந்த ஃபேக்டரி வேலை சரிப்படும்?

காவிரிக்கரை · ஞாயிறு இரவு 9.15

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 23 வயது. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். சோம்பேறி இல்லை. காலை 5.30க்கு எழுந்துவிடுவான். அதே டம்ளரில் டீ, அதே பேருந்து, கிடைத்தால் அதே ஜன்னல் சீட். இட்லி என்று சொல்லிவிட்டு உப்புமா வைத்தால் முகம் தொங்கிவிடும். ‘நாளைக்கு உப்புமாதான்டா’ என்று முதல் நாளே சொல்லிவிட்டால் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். அவ்வளவுதான் அவன்.

படிப்பு முடிந்ததும் தெரிந்தவர் மூலமாக ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸில் சேர்த்துவிட்டோம். ஏழு மாதம் தாக்குப்பிடித்தான். வேலை தெரியாமல் இல்லை, பேரிங் மாற்றுவதில் கெட்டிக்காரன் என்று அவன் ஃபோர்மேனே சொன்னார். ஆனால் எந்த மெஷின் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது இல்லையா? சாப்பிட உட்கார்ந்தால் போன், ராத்திரி 2 மணிக்கு போன். கடைசி மாதம் போன் அடித்தாலே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. விட்டுவிட்டு வந்துவிட்டான். மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறான். சொந்தக்காரர்கள் ‘இந்தக் காலத்துல அட்ஜஸ்ட் பண்ணத் தெரியலைன்னா எப்படி’ என்கிறார்கள்.

ஆபீஸ் வேலை வேண்டாம் என்கிறான், மெஷின் சத்தம் காதில் விழ வேண்டுமாம். ஒரே ஒழுங்கில் போகிற வேலை தொழிற்சாலைக்குள் எங்கே இருக்கிறது? கோவை, திருப்பூர், ஈரோடு, ஓசூர் வரை போகத் தயார்.


அரைநைட்டு · ஞாயிறு இரவு 10.02

சகோ, என் பெயரைப் பார்த்தாலே தெரியும், மில்லைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. 19 வருடம்.

ஸ்பின்னிங்கில் சைடர் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு ரிங் ஃபிரேமில் (நூல் நூற்கிற மெஷின்) 1,008 ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்) என்று வையுங்கள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருக்க வேண்டும், அறுந்த இழையைப் பிணைக்க வேண்டும். எங்கே அறும் என்று தெரியாது, ஆனால் அறுந்தால் செய்ய வேண்டியது எப்போதும் ஒன்றுதான். நடக்கிற பாதையும் ஒன்றுதான். புதுப் பையன்கள் அறுந்த இடத்தைப் பார்த்து இங்கும் அங்கும் ஓடுவார்கள், பத்து நாளில் கால் போய்விடும். பழைய சைடர் தன் ரூட்டை விடவே மாட்டார். ஒழுங்கு பிடித்தவனுக்கு அது ஒரு சுகம்.

ஆனால் டிப்ளமோ படித்த பையனை சைடராகப் போகச் சொல்ல மாட்டேன். மில்லுக்குள் லேப் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலிருந்தும் நூல் எடுத்து, ரேப் ரீலில் 120 கஜம் சுற்றி, எடை போட்டு, 64.8ஐ அந்த கிராமால் வகுத்தால் கவுண்ட், அதாவது நூல் எவ்வளவு மெல்லியது என்கிற நம்பர், வரும். 40ஆம் நம்பர் நூல் என்றால் 1.62 கிராம் நிற்க வேண்டும். இதையே நாள் முழுக்க, வாரம் முழுக்க, வருடம் முழுக்க. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். உங்கள் தம்பிக்கு இது கோயில் மாதிரி இருக்கலாம்.

ஒன்று மட்டும். மில்லில் பகல், அரை நைட், முழு நைட் என்று வாராவாரம் சுற்றும். வேலை மாறாது, தூக்கம் மாறிக்கொண்டே இருக்கும். லேபில் ஜெனரல் ஷிப்ட் (தினமும் பகல் மட்டும்) ஆள் உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.


ஸ்பேனர் செட் · ஞாயிறு இரவு 10.20

மெயின்டனன்ஸில் 14 வருடம். தம்பி ஏழு மாதம் இருந்ததே பெரிய விஷயம். நான் போனை சைலன்டில் போட்டதே என் கல்யாணத்தன்று மட்டும்தான். அன்றும் கம்ப்ரஸர் நின்றது.


லைன் நாலு · திங்கள் காலை 7.40

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் அசெம்பிளியில் இரண்டரை வருடம் இருந்தேன். ‘ஒரே மாதிரி வேலை’ என்று யாராவது கன்வேயர் லைனைக் காட்டினால் உடனே தலையாட்டாதீர்கள், அக்கா. எனக்கு ஒரு போர்டுக்கு 22 விநாடி. கையில் இஎஸ்டி பட்டை (நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்காமல் இருக்க), நாலு ஸ்க்ரூ, அடுத்தது. அந்த 22 விநாடி என் ஒழுங்கு இல்லை, லைனின் ஒழுங்கு. தண்ணீர் குடிக்கப் போனால் ரிலீவர் வர வேண்டும். அப்புறம் திடீரென்று மாடல் மாறும், ‘நாளையிலிருந்து நீ எட்டாம் ஸ்டேஷன்’ என்பார்கள். அங்கே வேறு கை வேலை, அதே வேகம்.

ஒழுங்காக இருப்பது வேறு, துரத்தப்படுவது வேறு. எனக்கு ஒழுங்கு பிடிக்கும். அதை நான் அங்கே தொலைத்தேன்.


பவர் டேபிள் · திங்கள் காலை 9.05

திருப்பூர் தையல் பக்கம் வரவே வேண்டாம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஸ்டைல் மாறும், ஷிப்மென்ட் வாரத்தில் பகல் இரவு கிடையாது. பையர் போனில் ‘காலர் கலரை மாத்துங்க’ என்பார். தம்பி அழுதுவிடுவான்.

சாயப்பட்டறை சுத்திகரிப்பு நிலையம் வேண்டுமானால் பார்க்கலாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்ட முடியும் என்று ஆகிவிட்டது. அங்கே ஆபரேட்டர் குறித்த நேரத்துக்குக் குறித்த தொட்டியில் பிஎச் (அமிலத்தன்மை), டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பு), ஆர்ஓ வடிகட்டியின் பிரஷர் எழுதிக்கொண்டே இருப்பார். வாடை பழகிவிடும்.


இருபது டிகிரி · திங்கள் இரவு 8.50

கோவையில் சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷின்) மெஷினிங் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டாண்டர்டு ரூம் என் பொறுப்பில் இருக்கிறது. இந்த உரையாடல் இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் காவிரிக்கரை சொன்ன மாதிரியான பையனைத்தான் நான் வருடா வருடம் தேடுகிறேன்.

ஸ்டாண்டர்டு ரூம் என்றால் என்ன? கடையில் தராசுக்கு முத்திரை வைக்கிறார்கள் அல்லவா, அந்த மாதிரி ஃபேக்டரிக்குள் இருக்கிற அளவுக் கருவிகளுக்கு நாங்கள் முத்திரை வைக்கிறோம். வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல், பிளக் கேஜ் (துளைக்குள் விட்டு அளவு பார்க்கிற உருளை) எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர், ஒரு அட்டை, ஒரு தேதி. தேதி வந்ததும் கருவி எங்கள் அறைக்கு வரும். துடைக்க வேண்டும், அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், ஸ்லிப் கேஜை (துல்லியமான அளவுள்ள இரும்புக் கட்டை) வைத்துக் குறித்த புள்ளிகளில் அளக்க வேண்டும், எழுத வேண்டும், ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வரிசை மாறக்கூடாது. யாராவது ‘அவசரம் சார், அப்படியே ஒட்டிக் கொடுங்க’ என்றால் முடியாது என்று சொல்ல வேண்டும். வளைந்துகொடுக்கத் தெரிந்த பையன்கள் இங்கேதான் கெட்டுப்போவார்கள்.

அறை எப்போதும் 20 டிகிரி. உலகம் முழுக்க நீள அளவுக்கு அதுதான் வெப்பநிலை. ஏன் இத்தனை பிடிவாதம் என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளும். 35 டிகிரி ஷெட்டிலிருந்து 100 மில்லிமீட்டர் துண்டைக் கொண்டுவந்து உடனே அளந்தால் 17 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். டாலரன்ஸே (அளவில் அனுமதிக்கிற வித்தியாசம்) 20 மைக்ரான் என்றால் நல்ல பீஸ் ரிஜெக்ட் ஆகிவிடும், கெட்டது உள்ளே போய்விடும்.

மூன்று வருடம் முன்பு ஒரு பையன் வந்தான். யாரோடும் அதிகம் பேச மாட்டான். காலை 9, மதியம் 1, மாலை 4 என்று தானாகவே அறை வெப்பநிலையை ஒரு நோட்டில் எழுதுவான். எழுதச் சொன்னது காலையில் மட்டும்தான். ஒரு நாள் வந்து, ‘சார், ரெண்டு வாரமா ஒரு மணி ரீடிங் மட்டும் 22 வருது’ என்றான். போய்ப் பார்த்தால், எங்கள் அறைக் கதவுக்கு வெளியே ஏசி காற்று வருகிறதென்று யாரோ சாப்பாட்டு நேரத்தில் கதவைத் திறந்து வைத்து அங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு 20 வருட அனுபவம், நான் கவனிக்கவில்லை. ஒழுங்கு பிடித்தவனுக்குத்தான் ஒழுங்கு கலைந்தது கண்ணில் படுகிறது.

முக்கியமாக, இது பெரும்பாலும் ஜெனரல் ஷிப்ட். ராத்திரி யாரும் கூப்பிட மாட்டார்கள். தனியாக அங்கீகாரம் பெற்ற கேலிப்ரேஷன் (அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற) லேப்களும் கோவையில் இருக்கின்றன. ஆனால் அங்கே சைட் விசிட் இருக்கும், கருவி இருக்கிற இடத்துக்கு நாம் போக வேண்டும். தம்பிக்கு அது ஆகாது. ஃபேக்டரிக்குள் இருக்கிற அறைதான் அவனுக்குச் சரி.


தகரடப்பா · திங்கள் இரவு 9.30

எல்லாம் சரி. ஆனால் ஒரே மாதிரி வேலை எதுவோ அதைத்தானே முதலில் ரோபோ எடுக்கும்? ‘வழக்கமான வேலை’ தேடிப் போவது மூழ்குகிற கப்பலில் டிக்கெட் எடுப்பது மாதிரி. தம்பியைக் கொஞ்சம் மாறச் சொல்லுங்கள், அதுதான் நல்லது.


அரைநைட்டு · திங்கள் இரவு 9.48

மாறச் சொன்னால் மாறிவிடுகிற ஆளாக இருந்தால் அந்த அம்மா ஏன் இங்கே வந்து கேட்கப்போகிறார்?

ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. எங்கள் மில்லில் டாஃபர் என்று 40 பேர் இருந்தார்கள், நிரம்பிய பாபினைக் கழற்றி வெறும் பாபினை மாட்டுகிறவர்கள். ஆட்டோ டாஃபிங் ஃபிரேம் வந்தது, இப்போது ஏழு பேர். கோன் வைண்டிங்கில் (நூலைக் கூம்பில் சுற்றுகிற இடம்) முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெண்களும் இல்லை, ஆட்டோகோனரே இழையை ஒட்டிவிடுகிறது. லேபில் மட்டும் அன்றும் மூன்று பேர், இன்றும் மூன்று பேர்.


இருபது டிகிரி · திங்கள் இரவு 10.15

தகரடப்பா சார், எங்கள் ஷாப்பிலும் அப்படித்தான். பிளக் கேஜை உள்ளே விட்டுப் பார்த்து, கோ பக்கம் போகிறதா, நோ-கோ பக்கம் நிற்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரின் இடத்தில் இப்போது ஏர் கேஜோடு (காற்றழுத்தத்தால் துளையை அளக்கிற கருவி) தானாகப் பிரிக்கிற மெஷின் நிற்கிறது. ஆனால் அந்த மெஷினுக்குக் காலையில் மாஸ்டர் ரிங் (அளவு சரியாகத் தெரிந்த வளையம்) வைத்துச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். அது யார் என்று நினைக்கிறீர்கள்? நான் மேலே சொன்ன அதே பையன்தான்.

கை மட்டும் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை போகும். முறை ஒன்றாக இருந்து, முடிவுக்குக் கையெழுத்துப் போட ஓர் ஆள் தேவைப்படுகிற வேலை அவ்வளவு சீக்கிரம் போகாது. 30 வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று கேட்டால், என் வேலையே இருக்குமா என்று தெரியாது.


பேட்ச் ரெக்கார்டு · செவ்வாய் காலை 6.30

நைட் ஷிப்ட் முடித்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். மாத்திரை கம்பெனி, ஓசூர் பக்கம்.

செய்முறை மாறக்கூடாது என்பதைச் சட்டமாகவே வைத்திருக்கிற தொழில் எங்களுடையது. உள்ளே நுழைய எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்பதுவரை எழுதி ஒட்டியிருக்கும். காலையில் தராசை ஸ்டாண்டர்டு எடைக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு பேட்ச் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் லைன் கிளியரன்ஸ்: பழைய மாத்திரை ஒன்றுகூட, பழைய லேபிள் ஒன்றுகூட மெஷினுக்கு அடியில் இல்லை என்று குனிந்து பார்த்துக் கையெழுத்து. நடுநடுவே 20 மாத்திரையை எடுத்து எடை. 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள மாத்திரை என்றால் சராசரியிலிருந்து 5 சதவீதம்தான் விலகலாம், அதற்குக் கீழே 7.5, 80 மில்லிகிராமும் அதற்குக் குறைவும் என்றால் 10. பிளிஸ்டரை (மாத்திரை அட்டை) நீலச் சாயத் தண்ணீரில் அமுக்கிக் காற்றை உறிஞ்சிவிட்டு, உள்ளே நீலம் போயிருக்கிறதா என்று பார்ப்போம்.

தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை கிடையாது. ஒரே கோடு, பழையது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்து, தேதி. 2023 டிசம்பரில் திருத்திய ஷெட்யூல் எம் (மருந்து தயாரிப்புக்கான அரசு விதிகள்) வந்த பிறகு சின்னக் கம்பெனிகளிலும் இந்தக் கெடுபிடி கூடியிருக்கிறது. ஆகவே ஆள் எடுக்கிறார்கள். ஆனால் பி.ஃபார்ம், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்குத்தான் குவாலிட்டியில் இடம். மெக்கானிக்கல் டிப்ளமோ என்றால் பேக்கிங் லைன் ஆபரேட்டர், இல்லாவிட்டால் மறுபடியும் மெயின்டனன்ஸ். நைட்டும் உண்டு, நானே சாட்சி.


ஆறு மணிப் பால் · செவ்வாய் காலை 11.20

ரிட்டயர்ட் ஆள், வயது 66. பால் பண்ணை லேபில் 31 வருடம். தம்பி படித்தது வேறு என்றாலும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியது.

கெர்பர் டெஸ்ட் என்று ஒன்று. பியூட்டிரோமீட்டரில் (கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால், குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, 65 டிகிரி தண்ணீரில் வைத்துக் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று கோட்டில் படிப்பது. கல்யாணம் ஆன நாள்முதல் ஓய்வு பெற்ற நாள்வரை இதே. எனக்கு ஒரு நாளும் சலிக்கவில்லை. பால் ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காதே! பச்சைப்புல் காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் வேறு மாதிரி. என் கை மாறாமல் இருந்ததால்தான் பால் மாறுவது எனக்குத் தெரிந்தது. தண்ணீர் கலந்தவன் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

குறை ஒன்றுதான், பாலுக்குப் பொங்கலும் கிடையாது தீபாவளியும் கிடையாது. ஆனால் எந்த வருடம் எந்தப் பண்டிகைக்கு என் டியூட்டி என்பது ஜனவரியிலேயே தெரிந்துவிடும். உங்கள் தம்பிக்கு அது போதும் என்று நினைக்கிறேன். லீவு வேண்டும் என்பதல்லவே அவன் பிரச்சினை.


காவிரிக்கரை · செவ்வாய் இரவு 8.10

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன கடைசி வரியைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். ‘இவரு யாருக்கா?’ என்று கேட்டான்.

இருபது டிகிரி அண்ணா எழுதியதை நாலு தடவை படித்துவிட்டான். ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னான்: நாள் முழுக்க ஒரே அளவு பார்த்தால் ஒரு கட்டத்தில் கண் பார்க்கும், மனசு பார்க்காது, தப்பு விட்டுவிட மாட்டோமா?


நேரஅளவு · செவ்வாய் இரவு 9.00

இது என் துறை, இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். தம்பி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்று பிரிட்டனில் நார்மன் மேக்வொர்த் ஆராய்ந்தார். கடிகார முள் மாதிரி ஒன்று தத்தித் தத்திப் போகும், எப்போதாவது ஒருமுறை இரண்டு தத்து சேர்ந்து தாவும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரிந்துவிட்டது. 1948இல் வெளியிட்டார்.

அதனால் நல்ல கம்பெனியில் கண்ணால் பார்க்கிற இன்ஸ்பெக்ஷனில் ஒரே ஆளை நாள் முழுக்க உட்கார வைக்க மாட்டார்கள், குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவார்கள். அந்த மாற்றமும் அட்டவணைப்படிதான் என்பதால் தம்பிக்குத் தொந்தரவு இருக்காது. கேலிப்ரேஷனில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் ஒவ்வொரு கருவிக்கும் கை, கண், எழுத்து எல்லாம் வேலை செய்கிறது.


செங்கொடி · செவ்வாய் இரவு 9.40

சேரும்போது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படியுங்கள், தோழர். ‘கம்பெனி விரும்பும் எந்த ஷிப்டிலும், எந்தப் பிரிவிலும்’ என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும். அதை எடுக்க மாட்டார்கள், ஆனால் நடைமுறையில் எத்தனை முறை அப்படி மாற்றியிருக்கிறார்கள் என்று உள்ளே இருக்கிற தொழிலாளியிடம் கேளுங்கள். வாரத்துக்கு 48 மணி நேரம்தான், அதற்கு மேல் என்றால் இரட்டைச் சம்பளம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். ஒழுங்கான நேரம் என்பது சும்மா வந்ததில்லை.

கான்ட்ராக்டில் சேராதீர்கள். கான்ட்ராக்ட் பையனைத்தான் இன்று இங்கே, நாளை அங்கே என்று பந்தாடுவார்கள்.


ஸ்பேனர் செட் · செவ்வாய் இரவு 10.05

இன்டர்வியூவில் கேட்க மூன்று கேள்வி: ஷிப்ட் மாறுமா, மாறினால் எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள்? என் போன் நம்பர் யாரிடம் இருக்கும்? நான் லீவு போட்டால் என் வேலையை யார் செய்வார்? மூன்றாவதுக்கு ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.


காவிரிக்கரை · இரண்டு மாதம் கழித்து

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். தம்பி வேலைக்குப் போகிறான். கோவையில் பம்பு பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி, ஸ்டாண்டர்டு ரூமில் ட்ரெய்னி. பிடித்தம் போகக் கையில் 15,200. பழைய வேலையில் வாங்கியதைவிடக் குறைவுதான். அப்பாவுக்கு அதில் வருத்தம், எனக்கும் கொஞ்சம்.

ஸ்பேனர் செட் அண்ணாவின் மூன்று கேள்வியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய், சீட்டைப் பார்த்தே படித்திருக்கிறான். எதிரே இருந்தவர் சிரித்துவிட்டாராம். ஆனால் மூன்றுக்கும் பதில் சொன்னாராம்.

எல்லாம் சுலபமாக இல்லை. முதல் வாரத்திலேயே கேன்டீன் நேரத்தைக் கால் மணி நேரம் தள்ளினார்கள், அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. போன மாதம் ஆடிட் என்று இரண்டு நாள் இரவு 9 வரை இருக்கச் சொன்னார்கள், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான். மறுநாள் போய்விட்டான், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இருபது டிகிரி அண்ணாவுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறான். ஸ்லிப் கேஜைத் தினமும் எடுக்கிறார்களாம். சாயங்காலம் பெட்டியில் வைக்கும்போது வாசலின் தடவ வேண்டும் என்கிறான் இவன், காலையில் எப்படியும் துடைக்கப்போகிறோம், எதற்கு என்கிறார் சீனியர். யார் சொல்வது சரி?


இருபது டிகிரி · அன்று இரவு 10.30

தம்பி சொல்வதுதான் சரி. தினமும் எடுத்தாலும் சாயங்காலம் சாமாய் தோலால் துடைத்து, லேசாகத் தடவித்தான் பெட்டியில் வைக்க வேண்டும். விரல் வியர்வை பட்ட இடத்தில் ஒரே ராத்திரியில் துரு விழும், நான் பார்த்திருக்கிறேன். சீனியரிடம் சண்டை போட வேண்டாம். அவர் கிளம்பிய பிறகு தடவிவிட்டு வரச் சொல்லுங்கள்.